பல் மருத்துவத்தில் லேசர் ஒளி

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் கவியரங்கமும் நிறைந்த இவ்விழாவில் பல்லைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். விருந்துக்கு முன்னே பல்லைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தான் என்று செயலாளர் அவர்கள் நகைச்சுவையாகக் கூறினார். விருந்தை மென்று உண்ணப் பல் வேண்டுமன்றோ? ஆதலின் அவர் இட்ட பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டேன்.

அன்றாடப் பல் மருத்துவத்தில் லேசர் ஒளியின் பயன் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பல்லில் சிறிது வலி தோன்றினால், "கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்து விடுகிறோம். மொழி தெரிந்த மருத்துவரிடம் போகலாம் என்பது வெளியே சொல்லும் காரணம். குடையும் எந்திரத்தின் ஒலியும் ஊசியின் முனையும் உள்ளே உறையும் காரணம். விடுமுறை வருவதற்குள் சொத்தை ஆழ்ந்துவிடுகிறது. சிறு அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல், வேர்ச் சிகிச்சைக்கோ பிடுங்குவதற்கோ உரியதாகிவிடுகிறது.

இந்த அச்சத்தை நன்கு அறிந்தவர்கள் விளம்பரம் எழுதுவோர். "வலியில்லா லேசர் சிகிச்சை" என்னும் பலகைகளை நகரமெங்கும் காண்கிறோம். அவற்றைக் கண்டு சிலர் மயங்குகின்றனர். சிலர், கதிர் என்றதும் புற்றுநோய் வருமோ என்று அஞ்சுகின்றனர். அச்சமும் மயக்கமும் ஆகிய இரண்டும் அறியாமையின் விளைவுகளே. எனவே, இவ்வொளி எது, எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யவொண்ணாதது என்பவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

லேசர் என்பது யாது?

ஒரு விளக்கை ஏற்றினால் அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதில் பல நிறங்கள் கலந்துள்ளன. அது திருவிழாக் கூட்டத்தைப் போன்றது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் நடப்பர். லேசர் ஒளியோ குடியரசு நாள் அணிவகுப்பைப் போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே நடை. இந்த ஒழுங்கினால் அதன் ஆற்றல் சிதறாமல் ஊசிமுனையளவு இடத்தில் குவிகிறது. நம்மில் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், எஃகுத் தகட்டை லேசர் அறுப்பதைக் கண்டிருக்கலாம். அந்த ஒழுங்கின் வலிமையே அது.

கிளர்ச்சியுற்ற அணுவின் மீது ஓர் ஒளித்துகள் பட்டால், அதனையே ஒத்த இன்னோர் ஒளித்துகள் வெளிப்படும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அது கருவியாக உருப்பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மெய்மன் என்னும் அறிஞர், செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றில் மின்வெட்டு விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, முதல் லேசர் ஒளியைப் பிறப்பித்தார்.

நம் நாட்டவர் ஒருவர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் 1938ஆம் ஆண்டு பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்ற குமார் பட்டேல் என்பவர், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964ஆம் ஆண்டு கரியமிலவாயு லேசரைக் கண்டறிந்தார். தொழிற்சாலைகளிலும் அறுவை மருத்துவத்திலும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் கருவி அது.

லேசர் ஒளி எக்ஸ்கதிரைப் போன்றதன்று என்பதையும் இங்கே கூறிவிடுகிறேன். பல் மருத்துவத்தில் வழங்கும் லேசர்கள், கண்ணுக்குப் புலனாகும் ஒளியையோ, அதற்கு அப்பாற்பட்ட அகச்சிவப்பு ஒளியையோ தருவன. அவை உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கும் கதிர்கள் அல்ல. ஆதலின் புற்றுநோய் வருமோ என்னும் அச்சத்திற்கு இடமில்லை. அவற்றால் நேரக்கூடிய தீங்கு வேறு வகையானது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதல் முயற்சியும் தடையும்

லேசர் பிறந்த சில ஆண்டுகளிலேயே பல் மருத்துவர்கள் அதன் மீது கண் வைத்தனர். சுழலும் எந்திரத்திற்கு மாற்றுக் காண வேண்டும் என்னும் வேட்கை அவர்களுக்கு இருந்தது. காலால் மிதித்துச் சுழற்றும் எந்திரம் 1871இல் வந்தது. மின்சாரத்தால் சுழல்வது 1875இல் வந்தது. 1957இல் வந்த காற்றுச் சுழலி, நிமிடத்திற்கு 3,00,000 முறை சுழன்றது. விரைவு கூடியதே தவிர, அதன் கீச்சொலியும் அதிர்வும் நோயாளியின் நெஞ்சை நடுங்கவைத்தன.

அமெரிக்காவில் லியோன் கோல்ட்மன் என்னும் தோல் மருத்துவர், பல் மருத்துவரான தம் உடன்பிறந்தவரின் பல்லிலேயே மாணிக்க லேசரைச் செலுத்திப் பார்த்து, 1965ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அவருக்கு வலி தெரியவில்லை. பல்லின் மேற்பரப்பில் மட்டும் சிறிது சேதம் ஏற்பட்டது. செய்தி நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. ஆனால் ஆய்வு வளர வளர ஒரு பெருந்தடை புலனாயிற்று. வெப்பமே அத்தடை.

பல்லின் அமைப்பை ஒருகணம் நினைவுகூர்வோம். வெளியே எனாமல் என்னும் கவசம். எடையில் 100க்கு 96 பங்கு தாதுப் பொருளாலான அது, நம் உடலிலேயே மிகக் கடினமானது. அதனுள்ளே டென்டின் என்னும் அடுக்கு. அதன் நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ். கல்லால் கட்டிய கோட்டைக்குள் வாழும் உயிர் போன்றது பற்கூழ். கோட்டைக்குள் வெப்பம் புகுந்தால் அதற்குத் தப்பியோட வழியில்லை.

அதே 1965ஆம் ஆண்டில் சாக், கோஹன் என்னும் இருவர் குரங்குகளின் பற்களைச் சூடாக்கி ஆராய்ந்தனர். பற்கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 100க்கு 15 பற்கள் மீளவில்லை. 11 பாகை உயர்ந்தபோது 100க்கு 60 பற்கள் மீளவில்லை. காய்ச்சலில் உடல் வெப்பம் உயரும் அளவைக் காட்டிலும் சிறிதே மிகுதியான ஏற்றம், ஒரு பல்லின் உயிரைப் போக்கப் போதுமானது. மாணிக்க லேசரின் செந்நிற ஒளியை எனாமல் நன்கு உறிஞ்சுவதில்லை. ஒளி உள்ளே ஊடுருவிச் சென்று சூட்டை விளைத்தது. எனவே அம்முயற்சி பல்லளவில் நீண்டகாலம் தேங்கிநின்றது.

ஒவ்வோர் ஒளிக்கும் ஓர் இலக்கு

தேக்கத்தை நீக்கியது ஒரு கருத்து. ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய ஒளியையே உறிஞ்சும். வெயிலில் கறுப்புத் துணி சூடாவதையும் வெள்ளைத் துணி அவ்வளவு சூடாகாததையும் நாம் அறிவோம். அதுபோல, எப்பொருளை அகற்ற வேண்டுமோ, அப்பொருள் விரும்பி உறிஞ்சும் ஒளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒளியின் இவ்வேறுபாட்டை அதன் அலைநீளத்தால் குறிக்கிறோம். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. நம் கண் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானது.

எர்பியம் என்னும் தனிமத்தைக் கொண்டு அமைந்த லேசரின் அலைநீளம் 2,940 நானோமீட்டர். இவ்வொளியைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சிவிடும். பல்லிலும் சிறிது நீர் உண்டு. சொத்தையான பகுதியில் அது மிகுதி. ஒளி பட்ட கணத்தில் அந்நீர் ஆவியாகி வெடிக்கிறது. அவ்வெடிப்பில் பல்லின் துணுக்குகள் பெயர்ந்து வருகின்றன. சோளம் பொரிவது போன்ற ஒலி கேட்கும். ஒளி மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு விடுவதாலும், கருவியோடு சேர்ந்து நீர்த்துளிகள் தெளிக்கப்படுவதாலும், சூடு உள்ளே செல்வது குறைகிறது. ஜெர்மானிய நாட்டு ஆய்வாளர்கள் ஹிப்ஸ்ட், கெல்லர் ஆகியோர் 1989இல் இதனை விளக்கமாக வெளியிட்டனர். 1997இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பல்லின் கடினப் பகுதிகளில் இதனைப் பயன்படுத்த இசைவளித்தது.

டையோடு லேசர் வேறு வகையினது. இதன் அலைநீளம் பெரும்பாலும் 800 முதல் 980 நானோமீட்டர் வரை. இரத்தத்தின் செந்நிறப் பொருளும், தோலுக்குக் கருமை தரும் மெலனினும் இதனை உறிஞ்சுகின்றன. பல்லின் தாதுப் பொருள் அதிகம் உறிஞ்சுவதில்லை. எனவே இது ஈறு போன்ற மென்மையான திசுக்களுக்கே உரியது. கருவி சிறியது, விலையும் மற்றவற்றை நோக்கக் குறைவு. நம் நாட்டுப் பல் மருத்துவ நிலையங்களில் பெரிதும் காணப்படுவது இதுவே.

இங்கே நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. லேசர் என்பது ஒரே கருவியன்று. பல கருவிகளுக்குப் பொதுப்பெயர். அரிவாள், கத்தரிக்கோல், அரம் யாவும் இரும்பால் ஆனவை. எனினும் அரிவாளால் துணி தைப்பவர் வேலை நடைபெறுமா? டையோடு லேசரை வைத்துக்கொண்டு, "லேசரால் சொத்தையை அகற்றுவோம்" என்று ஒருவர் கூறுவாராயின், அது இயலாத செயல் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அன்றாடச் சிகிச்சையில் கிடைக்கும் நன்மைகள்

முதலாவது, சொத்தையை அகற்றுதல். எர்பியம் லேசர் பல்லைத் தொட்டு அரைப்பதில்லை; ஆதலின் அதிர்வு குறைவு. பலருக்கு மரப்பு ஊசி இல்லாமலே வேலை முடிகிறது. எல்லோர்க்கும் அவ்வாறு முடியும் என்று உறுதி கூறவியலாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் என்னும் அமைப்பு, 2016ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தது. 662 பேர் பங்குகொண்ட 9 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. வலியும் ஊசியின் தேவையும் லேசரில் குறைவாகத் தோன்றின. ஆயினும் அச்சான்றுகளின் வலிமை குறைவே என்றும், சொத்தையை அகற்றும் திறத்தில் எது மேலானது என்று முடிவுகூற இயலவில்லை என்றும் அது கூறிற்று. வேலைக்கு ஆகும் நேரம் சுழலும் எந்திரத்தைவிடக் கூடுதல். ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கும், அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மருத்துவரை நாடாத பெரியவர்க்கும் இஃது ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. அந்த அளவில் அதன் பயன் பெரிது.

இரண்டாவது, ஈற்றில் செய்யும் சிறு அறுவைகள். கடைவாய்ப் பல் முழுதும் வெளிவராமல் அதன் மேல் ஈறு மூடிக்கொண்டு, அடியில் உணவு தங்கி வீங்குவதுண்டு. உதட்டை ஈற்றோடு பிணைக்கும் தசைநார் தடித்து, முன்பற்களுக்கு இடையே இடைவெளி உண்டாவதுண்டு. இரத்த அழுத்தத்திற்காக உட்கொள்ளும் அம்லோடிப்பின் போன்ற சில மாத்திரைகளாலும், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் மருந்தாலும் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. இவற்றில் டையோடு லேசரோ கரியமிலவாயு லேசரோ நன்கு பயன்படுகிறது. அறுக்கும்போதே இரத்தக் குழாய்களை மூடிவிடுவதால் இரத்தம் பெருகுவதில்லை. பல வேளைகளில் தையலும் வேண்டுவதில்லை. இதற்கு மரப்பு மருந்து பெரும்பாலும் வேண்டியிருக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கும் இது துணைபுரியும். ஆனால் அவர்கள் அம்மருந்தைப் பல் மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும். தாமாக அதனை நிறுத்திவிட்டு வரலாகாது.

மூன்றாவது, சொத்தையைக் கண்டறிதல். 655 நானோமீட்டர் அளவுள்ள மெல்லிய செந்நிற லேசர் ஒளியைப் பல்லில் செலுத்தினால், சொத்தையான பகுதி ஒருவகை ஒளியைத் திருப்பி உமிழும். கருவி அதனை எண்ணாகக் காட்டும். கண்ணுக்குப் புலனாகாத தொடக்கநிலைச் சொத்தையை அறிய இது உதவும். ஆனால் வெற்றிலைக் கறையும் பற்களில் படிந்த அழுக்குங்கூட எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். எனவே எண்ணை மட்டும் நம்பிப் பல்லைக் குடைவது முறையன்று.

நான்காவதாக ஒன்றைக் கூறுவேன். அதிகம் பேசப்படாதது, ஆனால் அருள் மிக்கது. தலையிலும் கழுத்திலும் கதிர்ச் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளின் வாய் முழுதும் புண்ணாகி, நீர் பருகவும் இயலாத துன்பம் உண்டாகும். மிகக் குறைந்த ஆற்றலுள்ள லேசர் ஒளியை வாயினுள் முறையாகச் செலுத்திவந்தால் அப்புண் வருவதையும் அதன் கடுமையையும் குறைக்கலாம். இந்த மெல்லொளியின் தன்மையை 1967ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் எலிகளிடம் முதன்முதல் கவனித்தார். மழித்த இடத்தில் மயிர் விரைந்து வளர்ந்ததை அவர் கண்டார். இன்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டு நெறிகள், புற்றுநோயாளிகளுள் குறிப்பிட்ட பிரிவினர்க்கு இதனைப் பரிந்துரைக்கின்றன. புகையிலையின் கொடுமையால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள நம் நாட்டில் இதன் பயன் மிகப் பெரிது.

பெயரால் மட்டும் லேசர்

இனி மறுபக்கத்தையும் காண்போம். சொத்தையை அடைத்தபின் மருத்துவர் நீலநிற ஒளியொன்றை வாயில் காட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை லேசர் என்றே பலர் எண்ணுகின்றனர். இன்று வழங்கும் அவ்விளக்குகள் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகளே. அடைப்புப் பசையைக் கெட்டிப்படுத்துவதே அவற்றின் வேலை.

பழைய வெள்ளி அடைப்பையும் உலோக உறையையும் எர்பியம் லேசரால் அறுக்க இயலாது. அங்கே சுழலும் எந்திரமே வேண்டும். பல்லுக்கு உறை பொருத்தச் செதுக்குவதற்கும் அதுவே ஏற்றது. எனவே லேசர் வைத்திருக்கும் மருத்துவரிடமும் அந்த எந்திரம் இருக்கத்தான் செய்யும்.

ஈற்று நோய்க்குப் பற்காறையைச் சுரண்டி, வேரின் மேற்பரப்பைத் தூய்மை செய்வதே அடிப்படைச் சிகிச்சை. அதனோடு லேசரையும் சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறிது என்பதே இதுவரை வெளிவந்த ஆய்வுகளின் போக்கு. பற்களை வெண்மையாக்குவதில் வேலை செய்வது மருந்தே. லேசர் ஒளியால் நிலையான கூடுதல் வெண்மை கிடைப்பதாகத் தெளிவான சான்றில்லை.

கறுத்த ஈறுகளைப் பற்றித் தாய்மார்களிடம் தனியாக ஒரு சொல். நம்மவர் பலருக்கு ஈற்றில் கருமை இயற்கையாகவே அமைந்துள்ளது. தோலுக்கு நிறம் தரும் மெலனினே ஈற்றிலும் இருக்கிறது. அது நோயன்று, அழுக்குமன்று. திருமணத்திற்கு முன் மணமகளின் ஈற்றை லேசரால் சிவக்கச் செய்ய வேண்டும் என்று சில பெற்றோர் கேட்கின்றனர். செய்ய இயலும், ஆனால் சில ஆண்டுகளில் கருமை மீண்டும் தோன்றக்கூடும். நலமாயுள்ள ஈற்றை நோயுற்றதாக எண்ணிப் பெண்பிள்ளைகள் மனம் வருந்தக் கூடாது என்பதே என் வேண்டுகோள். இயல்புக்கு மாறாகப் புதிதாக ஓரிடம் மட்டும் கறுத்தால், அதனை மருத்துவரிடம் காட்டுவது தேவை.

மற்றுமொன்று, மிக இன்றியமையாதது. பாக்கும் புகையிலையும் மெல்லுவோரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ தோன்றினால், அதனை லேசரால் சுட்டு நீக்கிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். முதலில் அதிலிருந்து சிறு துண்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு முன்னே எரித்துவிட்டால், உள்ளே ஒளிந்திருந்த நோயின் சான்றையும் சேர்த்து எரித்தவராவோம். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும், ஊருக்குப் போகும் நாளை எதிர்பார்த்திராமல் உடனே காட்டுங்கள்.

கண்ணைக் காத்தல்

லேசரால் நேரக்கூடிய தீங்கு வேறு வகையானது என்று முன்னர்க் கூறினேன். அத்தீங்கு கண்ணுக்கும் திசுவுக்கும் நேர்வது. டையோடு லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடுவதில்லை. அது கண்மணி வழியே சென்று விழித்திரையைச் சுட்டுவிடக்கூடும். பளபளக்கும் கருவியில் பட்டுத் திரும்பிய ஒளியும் தீங்கு செய்யும். எர்பியம், கரியமிலவாயு லேசர்களின் ஒளி கண்ணின் முன்பகுதியைச் சுடும்.

பற்றவைப்புத் தொழில் செய்வோர் கண்ணாடி அணிவதை நாம் அறிவோம். லேசர் இயங்கும் அறையிலும் மருத்துவர், உதவியாளர், நோயாளி, உடன் நிற்கும் தாய் ஆகிய அனைவரும் கண்ணாடி அணிய வேண்டும். அந்தந்த அலைநீளத்திற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியாக அது இருக்க வேண்டும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி பயன்படாது. திசு எரியும்போது எழும் புகையை அவ்வப்போது உறிஞ்சி அகற்றுதலும் வேண்டும். அளவு மீறி ஓரிடத்திலேயே ஒளியை நிறுத்தினால் ஈறும் எலும்பும் வெந்துவிடும். எனவே கருவியை வாங்கிவிட்டால் போதாது. அதற்கெனப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. பணிவோடு கேட்கும் கேள்வியை நல்ல மருத்துவர் வரவேற்பார். லேசர் சிகிச்சை என்று கூறப்படும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். என் நோய் யாது? இதற்கு எந்த வகை லேசரைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? வழக்கமான முறையில் செய்தால் விளைவில் என்ன வேறுபாடு? இரண்டிற்கும் செலவு எவ்வளவு? இக்கருவியில் நீங்கள் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா?

கருவியின் விலை உயர்வு. அச்செலவின் ஒரு பகுதி நம் கட்டணத்தில் சேரத்தான் செய்யும். ஊசிக்கு அஞ்சும் குழந்தைக்காகவோ, இரத்தப்பெருக்கைக் குறைக்கவோ கூடுதல் செலவு செய்வது தகும். வழக்கமான முறையிலேயே அதே பயன் கிடைக்குமாயின், அப்பணத்தைச் சேமித்து வைப்பதில் குற்றமொன்றுமில்லை. சுழலும் எந்திரத்தை நன்கு கையாளும் மருத்துவர், லேசரைச் சரிவரக் கையாளாதவரைவிட நமக்குப் பன்மடங்கு நல்லவர். கருவியைக் காட்டிலும் கருவியைப் பிடிக்கும் கை பெரிது.

நாள்தோறும் செய்ய வேண்டுவது

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பழமொழியில் வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். பல்லைப் பேணுவதை அறமாகவே அவர்கள் கருதினர். இன்று குச்சியின் இடத்தில் தூரிகை வந்துள்ளது. காலையில் ஒருமுறை, இரவு உறங்கப் போகுமுன் ஒருமுறை, ஃபுளூரைடு கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்கினால் பெரும்பாலான சொத்தைகள் வாரா. காலையில் தவறாது துலக்கும் நாம் இரவில் மறந்துவிடுகிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைகிறது. அப்போதுதான் பல்லுக்குக் காவலும் குறைகிறது. இனிப்பை நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தின்பதினும், உணவோடு சேர்த்து ஒருமுறை உண்பது நல்லது. பாற்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல் கூடாது. பாற்பல் விழத்தானே போகிறது என்று அதனைக் கவனியாது விடுதலும் கூடாது. பின்வரும் பல்லுக்கு இடம் காத்து வைப்பது அதுவே.

எந்த லேசரும் இழந்த பல்லை மீட்டுத் தராது. சொத்தையை நுண்ணியதாக அகற்றலாம், வலியைக் குறைக்கலாம், புண்ணை விரைவில் ஆற்றலாம். அவற்றின் பயனை முழுதும் பெறுவோர், சொத்தை சிறிதாக இருக்கும்போதே வருவோர்தாம்.

ஆதலின், அன்பர்களே! உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. குடையும் எந்திரத்தின் அச்சத்தால் இதுகாறும் தள்ளிவைத்திருந்தால், இனியும் தள்ளிவைக்க வேண்டா. இவ்வூரிலேயே பதிவு பெற்ற நல்ல பல் மருத்துவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மொழி தடையாயின், இச்சங்கத்தில் இந்தியோ ஆங்கிலமோ நன்கறிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் இருக்கின்றனர். ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதன்முதல் இங்கு வந்து குடியேறிய குடும்பத்திற்கு வீடு தேடித் தந்தும், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடித் தந்தும் உதவியது இச்சங்கம். வயது முதிர்ந்த பாட்டிமார்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர்கள் சொல்வதை எடுத்துரைக்க இளைஞர்கள் சிலர் முன்வருவாராயின், அதுவும் இச்சங்கம் ஆற்றும் நற்பணிகளுள் ஒன்றாகும்.

விருந்து காத்திருக்கிறது. அடுத்து ஆடவிருக்கும் குழந்தைகளும் சலங்கை கட்டிக் காத்திருக்கின்றனர்.  சங்கம் மேன்மேலும் வளர்க என வாழ்த்தி விடைபெறுகிறேன்.